பரிசத்தன்று குரங்கைப் பற்றிப் பேசிய அருளப்பன் ஐயா

"டிஸ்பென்சர் ஐயா தவறிட்டாருங்க டீச்சர்." அக்கரப்பத்தனை பஸ்ஸில் வந்த கங்காணிதான் வகுப்பு வாசலில் நின்று சொன்னார். வெண்கட்டியை வைத்துவிட்டு, "கடைசியாகவாவது வாயை மூடினாரே" என்றேன். சொன்னதும் அழுகை வந்தது. அருளப்பன் ஐயாவைத் தெரிந்தவர்கள் என்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர் அவர். இருமல் என்று போனாலும், உயிர்கள் எப்படித் துணை தேடுகின்றன என்று ஆரம்பித்துவிடுவார். மருந்து கைக்கு வருவதற்குள் இருமலே நின்றுவிடும்.

என்னை மாமா மகன் முருகேசுக்கு என்று பிறந்தபோதே பேசிவைத்திருந்தார்கள். அம்மாமார் கொழுந்தெடுக்கப் போய்விட்டால், எங்கள் இருவரையும் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில்தான் விடுவார்கள். ஒரே பாயில் தூங்கி வளர்ந்தவனை மாப்பிள்ளையாக நினைக்கவே எனக்குக் குமட்டியது. அவனுக்கும் அப்படித்தான். வீட்டில் யார் கேட்டார்கள்? இலங்கைக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம் பரிசத்துக்கு நாள் குறித்தார்கள். "சொந்தத்துல கட்டுனா பிள்ளைங்க உடம்புக்கு ஆகாதுன்னு அப்பாகிட்ட தனியா சொல்லுங்க" என்று ஐயாவிடம் கெஞ்சினேன்.

தனியாகவா சொன்னார்? தட்டு மாற்றும் நேரத்தில் எழுந்து நின்றார். "ஒண்ணா வளர்ந்ததுங்களுக்கு ஒண்ணு மேல ஒண்ணு ஆசை வராதுங்க. சொந்தத்துக்குள்ளயே குட்டி போட்டா வம்சம் நோஞ்சானாப் போகும்னு இயற்கை வச்ச தடை அது. குரங்குகூட..."

"யாருய்யா குரங்கு?" என்று மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். தட்டு உருண்டது. அந்தக் களேபரத்திலும் ஐயா விடவில்லை. "சரி, பொண்ணக் கேட்டீங்களா?"

கல்யாணம் நின்றது. விஞ்ஞானத்தால் அல்ல, குரங்கால். மாமா வீட்டோடு இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

பிறகு நானே பார்த்து ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டேன். அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்.

"பிள்ளைகளக் காப்பாத்துவானான்னு பாத்துத்தான் தங்கச்சி, எந்தப் பொண்ணும் ஒருத்தனப் பிடிப்பா."

"அவரு என்னைச் சிரிக்க வைக்கிறாருங்க. அவ்வளவுதான்."

"அதுவும் அதுல அடக்கம்!"

எதைச் சொன்னாலும் அதில் அடக்கம் என்றால் மனுஷிக்கு எரிச்சல் வராதா?

ஐயாவின் துக்க வீட்டில் நாத்தனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பத்து வயது என் மகளைக் காட்டி, "இவ எங்க பயலுக்குத்தான். இப்பவே சொல்லிப்புட்டேன்" என்றார். மகள் என் முந்தானையைப் பிடித்தாள்.

"அவளக் கேட்டீங்களா, அண்ணி?"

குரல் கூடிப்போனது. துக்க வீடே திரும்பிப் பார்த்தது.

ஐயாவுக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன். எங்கே கேட்பது என்று தெரியாமல் கேட்கிற புத்தியும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது.