எதிரி நாட்டில் ஒரு வீடு

அந்த அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "எதிரி வந்தாச்சா?", "எதிரிக்கும் சேர்த்து டீ சொல்லு" என்றுதான் பேச்சு. கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிற இடம் அது. வீரனுடைய நாட்டை, கோட்டையும் தோட்டமுமாக, இளவட்டங்கள் பங்கு போட்டு வரைந்தார்கள். எதிரி நாடு மொத்தமும் இவர் தலையில். ஊரே வெட்டப்போகிற ஜனங்களை உட்கார்ந்து உண்டாக்க யாருக்கு மனசு வரும்? இவருக்கு வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, பார்த்துப் பார்த்துச் செய்தார். வடக்கே உப்புவெளி, அங்குள்ளவர்கள் வெயிலுக்குப் பயந்து குழிக்குள் வாழ்கிறவர்கள். நடுவே சதுப்பு, அங்கே கட்டைக்கால் கட்டி நடக்கிற கூட்டம், நின்றபடியே தூங்கும். தெற்கே சாம்பல் மலை. மலைக்காரர்கள் ஆடு மேய்ப்பவர்கள், அந்நியனைக் கண்டால் ஓடி ஒளிகிற சுபாவம். ஒன்றே ஒன்று, எதிரிக்கு வீடு வாசல் வைக்கக்கூடாது. வைத்தால் ஆடுகிறவனுக்கு வெட்டக் கை வராது. அது அந்த அலுவலகத்தின் கண்டிப்பான விதி.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த விதியை அவர் மீறினார். சாம்பல் மலைக்குப் பின்னால், ஒரு பள்ளத்தாக்கில், சின்னதாக ஓர் ஓட்டு வீடு. உள்ளே ஒருத்தி துணி மடித்துக்கொண்டிருப்பாள். மலைக்காரன் எவனாவது கதவைத் திறந்தால், மடித்த சட்டையை மடியில் வைத்துவிட்டுத் திரும்பி, "வந்துட்டீங்களா?" என்பாள். பழைய போனில் மிச்சமிருந்த குரல். மத்தியானம் எல்லோரும் கும்பலாகச் சாப்பிடப் போனதும், இவர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையில் ஆடு மேய்ப்பவனாக அந்தக் கதவைத் தள்ளுவார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகுதான் சோறு இறங்கும். பாவம், வீட்டில் கேட்க ஆளில்லை.

விளையாட்டு வெளியாகக் கொஞ்ச நாள் இருக்கும்போது, குழுத்தலைவி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, கடைசிக் கட்டத்துல வீரன் உங்க நாட்டைக் கொளுத்துறான். முடிவாயிடுச்சு."

"மொத்தமாவா?"

"மொத்தமாத்தான்." குரலைத் தாழ்த்தினாள். "பள்ளத்தாக்குல ஒரு வீடு பார்த்தேன். அது அண்ணிதானே?"

தலையை மட்டும் ஆட்டினார்.

"நம்ம பக்கம் கொண்டு வந்துடுங்கண்ணே. கோட்டைக்குள்ள நல்ல வீடா தரச் சொல்றேன்."

"அங்க கண்டவனும் கதவைத் திறப்பான்மா. அவ எல்லாரையும் 'வந்துட்டீங்களா'ன்னு கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

"அப்ப நீங்களே எடுத்துடுங்க. நான் அழிச்சா நல்லா இருக்காது."

அவள் போனபிறகு, என்னதான் ஆகும் பார்ப்போமே என்று முதல் தடவையாக வீரன் வேடத்தில் போனார். கதவைத் தள்ளினார். கவசத்தைப் பார்த்ததும் அவள் சட்டையைப் போட்டுவிட்டு மூலைக்கு ஓடி, முகத்தை மூடிக்கொண்டு ஒடுங்கினாள். மலைக்காரிதானே! இவர் கொடுத்த சுபாவம்தானே!

"நான்தாண்டி!" என்று கத்தியே விட்டார். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

அவளை அழிக்கக் கை வரவில்லை. பள்ளத்தாக்கைச் சுற்றிலும் பாறையை எழுப்பினார். வழி கிடையாது, ஏற முடியாது, தீயும் தாண்டாது. வெளியான பிறகு அவரும் வீரனாகத்தான் அந்த நாட்டுக்குள் போக முடியும். அப்புறம் அவருக்கும் சேர்த்தே அந்த வாசல் அடைத்ததுதான். தெரிந்தேதான் செய்தார். கடைசிப் பாறையை வைப்பதற்கு முன் ஆடு மேய்ப்பவனை உள்ளே அனுப்பினார். காலையில் ஆடுகளோடு போவான், சாயங்காலம் திரும்புவான், என்றைக்கும்.

குழுத்தலைவி வந்து பார்த்தாள். "மலை நல்லா இருக்குண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

விளையாட்டு சக்கைப்போடு போட்டது. ஒரு சாயங்காலம் பஸ்ஸில் இவருக்கு முன்னால் இரண்டு பேர் செல்போனில் இவர் நாட்டைக் கொளுத்திக்கொண்டு வந்தார்கள். சதுப்பு எரிந்தது, சாம்பல் மலை எரிந்தது.

"அந்தப் பாறைக்கு அந்தாண்ட என்னடா இருக்கு?"

"ஒண்ணும் இருக்காது. வேலை முடியல, அடைச்சு வெச்சுட்டானுங்க."

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கி நடந்து, வீட்டுப் பூட்டைத் திறந்து, பையை மேஜைமேல் வைத்தார். இந்நேரம் அவன் ஆடுகளை அடைத்துவிட்டுக் கதவைத் தள்ளியிருப்பான். அவள் கேட்டிருப்பாள்.

"வந்துட்டேன்" என்றார் அவர், இருட்டான கூடத்தைப் பார்த்து.