கோடித் துணியில் வடித்த பெட்ரோல்

எங்கள் அப்பாவுக்கு மனிதர்களைவிடக் கார் மேல்தான் மரியாதை அதிகம். ராசிபுரத்தில் தறி வைத்திருந்த அவர், யாரோ ஓட்டிச் சலித்த பழைய கார் ஒன்றை யுத்தத்துக்கு முந்தி வாங்கிவந்தார். வந்த அன்றைக்கே திருஷ்டி சுற்றி, "இவ நம்ம ஊட்டு லட்சுமி. மரியாதையாப் பேசோணும்" என்று எங்களுக்கு உத்தரவு போட்டார். 'அது' என்று சொன்னதற்காக நான் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அக்கா கல்யாணம் நெருங்கிய சமயத்தில்தான் லட்சுமி சோர ஆரம்பித்தாள். ஒரே நாளில் நின்றிருந்தால் உடனே தெரிந்திருக்கும். இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததால் எல்லோருக்கும் பழகிப்போயிற்று. ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டே முந்திப் போனபோதுதான் அப்பாவுக்கு உறைத்தது.

மாப்பிள்ளை வீடு சேந்தமங்கலம். அவர்களும் தறிக்காரர்கள், அவர்களிடமும் கார் இருந்தது. "பொண்ணைக் கூட்டியார எங்க காரை அனுப்பறமுங்க" என்று சம்பந்தி சொன்னதற்கு, அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "எம்புள்ள எங்க கார்லதானுங்க வரும்" என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கும் அதுதான் ஆசை. முகம் தெரியாத ஊரில் நம் வீட்டுக் காரில் போய் இறங்கினால் ஒரு தைரியம் இல்லையா? எதையும் வாய்விட்டுக் கேட்காதவள், இதை மட்டும் கேட்டாள்.

எங்கள் டிரைவர் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டிப் பார்த்தார். பலனில்லை. சேலத்துப் பட்டறையில் என்னென்னவோ கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது பறந்தாள். கொஞ்ச நாளில் மறுபடி சோர்வு, மறுபடி சேலம், மறுபடி பறத்தல். அவளுக்குச் சேலத்துக் காற்று ஒத்துக்கொள்கிறது என்று அப்பா முடிவு கட்டினார். நான் சிரித்தேன். முறைத்தார்.

பிறகு பெட்ரோலில் அழுக்கு இருக்குமோ என்று சந்தேகம். டின்னில் வரும் பெட்ரோலைப் புனலில் துணி கட்டி வடித்துத்தான் ஊற்றுவோம். எங்கள் வீட்டில் அதற்கும் தறியிலிருந்து அப்போதுதான் அறுத்த, தண்ணீர் படாத கோடித் துணிதான். லட்சுமிக்குப் போய்க் கட்டிக் கழித்த துணியா என்பது அப்பாவின் வாதம். சந்தேகம் வந்ததும் துணியை இரண்டாக மடித்தார். அப்புறம் தடவைக்கு ஒரு புதுத்துணி. "கல்யாணப் பொண்ணுக்குக்கூட இத்தனை கோடி எடுக்கலியே!" என்றாள் அம்மா. கார் இன்னும் மோசமாயிற்று.

முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் சேந்தமங்கலம் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். அக்காவும் நானும் பின்சீட்டில். ஆட்டுக்குட்டி துள்ளி ஏறிவிடக்கூடிய ஒரு மேடு. பாதியிலேயே திணறி நின்றுவிட்டாள். அக்கா அழுதேவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் லட்சுமியை உதைக்கலாம் போலிருந்தது.

டிரைவர் இறங்கி, பெட்ரோல் குழாய் என்ஜினில் சேரும் இடத்திலிருந்த குட்டிச் சல்லடையைக் கழற்றினார். வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. "மாவு மாதிரி இருக்குதுங்க" என்று நீட்டினார். அப்பா அதை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தார். சின்ன வயதிலிருந்து நூலைத் தொட்ட விரல்கள். முகம் அப்படியே மாறியது.

"கஞ்சியப்பா இது. நம்ம தறியில பாவு நூலுக்குப் போடற கஞ்சி. கூட நூல் பிசிறு வேற."

புதுத்துணியின் விறைப்புக் கஞ்சியும் பிசிறும் வடிக்கும்போதெல்லாம் பெட்ரோலோடு உதிர்ந்து போய்ச் சல்லடையை அடைத்திருக்கின்றன. அழுக்குக்குப் பயந்து எவ்வளவு கோடி கட்டினோமோ, அவ்வளவு அடைப்பு! நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். எங்களை முறைக்கப் பார்த்த அப்பாவும் தோற்றுப்போனார். சல்லடையை ஊதி மாட்டியதும் லட்சுமி மேட்டில் ஏறினாள்.

பெண்ணழைப்பு அன்று சேந்தமங்கலம் எல்லையில் சம்பந்தி வில்வண்டியில் வந்து எதிர்கொண்டார். ஊருக்குள் போகுமுன் பெட்ரோல் ஊற்ற டின்னைத் திறந்தார்கள். புனலில் அப்பாவின் பழைய வேட்டி, துவைத்துத் துவைத்து நைந்தது. சம்பந்தி பதறிப்போய்ப் புதுத்துண்டு ஒன்றை நீட்டினார். "நல்ல நாளும் அதுவுமாக் கந்தலாங்க?"

கல்யாணத்தில் சம்பந்தி தரும் கோடியை வேண்டாமென்று சொல்ல முடியுமா? அக்கா என் கையை நசுக்கினாள். ஒரு தடவையில் ஒன்றும் ஆகியிருக்காதுதான். அதை நம்பும் தைரியம் அன்று யாருக்கும் இல்லை.

அப்பா துண்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, தன் தோளில் போட்டுக்கொண்டார். "கோடி எனக்குங்க. அவளுக்குக் கந்தல்தான் ஒத்துக்குது" என்று சொல்லிக்கொண்டே பழைய வேட்டியிலேயே வடித்தார். லட்சுமி தெருமேட்டை ஒரு முனகல் இல்லாமல் ஏறினாள். மாப்பிள்ளை வீட்டு வாசலில் அக்கா தலைநிமிர்ந்து இறங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சம்பந்தி அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏனுங்க, நான் ஏன் வில்வண்டியில வந்தேன்னு கேக்கலியே? எங்க காரு கொஞ்ச நாளா மேடேற மாட்டேங்குதுங்க. துணியை மூணா மடிச்சுப் பெட்ரோலை வடிச்சும்..."

அப்பா தோளிலிருந்த துண்டின் விறைப்பைத் தடவிப் பார்த்தார். "இந்தத் துணியிலதானுங்களா?"

கல்யாணம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது அக்கா இரண்டாவது முறையாக ஒன்றைக் கேட்டாள். "உங்க பழைய வேட்டி இன்னொண்ணு குடுங்கப்பா. இவங்க காருக்கு." அப்பா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதை நடுவில் கிழித்து, பாதியை அந்த வீட்டு டிரைவரிடம் கொடுத்தாள். மறுபாதியை மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.