கெசியா எழுதிவைத்த ராஜாக்கள்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ரூல்தடியை நோட்டுப் புத்தகத்தின்மேல் அழுத்திப் பிடித்துக் கெசியா மூன்று கோடு இழுக்கிறாள். நான்கு பத்தி கிடைக்கிறது. முதல் பத்தியில் வியாதியஸ்தர், இரண்டாவதில் பிரயாணிகள், மூன்றாவதில் ராஜாக்களும் தேசங்களும், நான்காவதில் உபத்திரவப்படுகிறவர்கள். மறுநாள் ஆராதனைக்குப் பிறகு பெண்கள் கூடும் ஜெபக்கூட்டத்தில் இதைப் பார்த்துத்தான் ஜெபிப்பாள். மற்றவர்கள் மனதில் வந்ததை வந்தபடி சொல்லுவார்கள். அவளுக்கு அது ஒத்துவராது. "ஆண்டவர் முன்னால போய் நின்னுக்கிட்டு, பேரை மறந்துட்டேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்பாள்.

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. வயது இருபத்தொன்பது. சாத்தான்குளத்துச் செம்மணல் மேட்டுத் தேரிக்காட்டில் பிறந்து, போர்டிங்கில் தங்கிப் படித்து, ஆசிரியைப் பரீட்சையில் ஜில்லாவிலேயே இரண்டாவதாகத் தேறியவள். முதலாவதாக வந்தவளுக்கு மூன்று மார்க்குத்தான் கூடுதல். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது தலையைத் தொட்டு ஒரு தடவை எண்ணுவாள். வாசலில் மறுபடியும் எண்ணுவாள். மழை நின்ற பிறகும் நூறு அடி தூரம் குடையை மடக்காமல் நடக்கிறவள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான். கேலி செய்தால், "மேகம் இன்னும் அங்கனதானே நிக்குது?" என்று கேட்பாள்.

இந்த நிதானம் பிறவியில் வந்ததல்ல. அது வந்த வருஷம் 1913. அதற்கு முந்தின வருஷம் பல்கேரியா, செர்வியா, கிரேக்கு, மொந்தெநேக்ரோ என்ற நான்கு சிறு தேசங்கள் கூட்டுச் சேர்ந்து துருக்கியோடு சண்டைக்குப் போயின. நான்கும் ஜெயித்தன. கெசியா கூட்டத்தில் எழுந்து நான்கு ராஜாக்களின் பெயரையும் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினாள். சமாதானம் கையெழுத்தான ஒரு மாதத்துக்குள், பிடித்த நிலத்தைப் பங்கு வைப்பதில் தகராறு வந்து, பல்கேரியா தன் கூட்டாளிகள்மேலேயே பாய்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கெசியா எழுந்து நின்றாள். நோட்டைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். "ஒரே வரியில எழுதின பேரு. இதுல யாரு தோக்கணும்னு கேக்க?" என்று பிறகு சொன்னாள். அதிலிருந்து எந்த வெற்றிக்கும் அவள் உடனே ஸ்தோத்திரம் சொன்னதில்லை.

பெரிய யுத்தம் வந்தபோது மூன்றாம் பத்தி நீண்டது. இங்கிலாந்து, பிரான்சு, ருஷியா, ஜப்பான், பிறகு இத்தாலி, அமெரிக்கா. ருஷியா நடுவழியில் சண்டையை விட்டு விலகியதும், அந்தப் பெயரை அடித்துவிடும்படி சபைக் குருவான ஐயர் சொன்னார். கெசியா அடிக்கவில்லை. நான்காம் பத்திக்கு மாற்றி எழுதினாள்.

அவளுடைய புருஷன் பாக்கியசீலன் பட்டாள ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் டிரஸ்ஸர். 1916-ல் கப்பலேறினான். மெசபொத்தேமியாவில் இரண்டு வருஷம், அங்கிருந்து பாரசீகத்தின் வடகோடி. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் வரவில்லை. வந்தது கடிதம்தான். இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் கம்பவுண்டராக உயர்த்துவார்கள், பிப்ரவரி முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், இனிக் காவல் வேலைதான், பயமில்லை, உன் சொல் எப்படியோ அப்படியே செய்கிறேன் என்று எழுதியிருந்தான். கடிதத்தின் ஓரத்தில் வேறொரு செய்தி. யுத்தம் முடிந்து ஐந்து மாதம் கழித்து, சித்திரையில் வந்த ஒரு சிப்பாயின் தொடையிலிருந்து எடுத்தது ருஷியக் குண்டு. டாக்டர் அதைக் கழுவி மேசைமேல் வைத்து, "இவர்கள் நம்மோடு இருந்தவர்கள் அல்லவா?" என்றாராம்.

பாக்கியசீலனின் அக்காள் சாலோமிக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. 1919 டிசம்பர் மாதம். சமாதானக் கொண்டாட்டத்துக்காக ஊரெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, ஒரே ஒரு வருஷம். கம்பவுண்டராத் திரும்பி வருவான். சர்க்கார் ஆஸ்பத்திரியில நாற்காலி போட்டு உக்காருவான். நீ குறுக்க விழாத."

"சண்டை முடிஞ்சுதா மதினி?"

"முடிஞ்சுட்டுன்னு ராஜாவே சொல்லுதாரு. ராஜாவைவிட உனக்குத் தெரிஞ்சுபோச்சோ?"

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் தேவசிகாமணியும் சிரித்தார். "ஜெர்மானியன் தோத்தாச்சு. இனி யாரு யாரை அடிப்பா? இங்கிலீஷ்காரன் போய் பிரெஞ்சுக்காரனை அடிப்பானாம்மா?"

"பல்கேரியாவும் கூட நின்னுதான் ஐயா அடிச்சுது."

"அது சின்ன ராஜாக்க. பெரியவங்க அப்படிச் செய்யமாட்டாங்க."

"பெரியவங்களுக்குப் பங்கும் பெரிசுல்லா ஐயா?"

அவர் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டிய மிட்டாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பேசி ஜெயித்தாலும் கெசியாவுக்கு மனது ஆறவில்லை. நிஜமாகவே கூட்டாளிகள் அடித்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறாளா, அல்லது புருஷன் வரவேண்டும் என்ற ஆசையில் ராஜாக்கள்மேல் பழி போடுகிறாளா? தன்னை யாராவது மறுத்துப் பேசினால் நல்லது என்றிருந்தது. புதன்கிழமை மேலப்பாளையத்து ஜவுளி வியாபாரி நூர்முகம்மது கிறிஸ்துமஸ் துணியோடு வந்தபோது அவரிடமும் கேட்டாள்.

அவர் கெஜக்கோலைக் கீழே வைத்தார். "தங்கச்சி, கிடா அறுக்கையில நாலு பேரு ஒத்துமையாத்தான் பிடிப்பான். பங்கு வைக்கையில பாரு, நாலு பேரும் தொடைக்கறிதான் கேப்பான். தோத்துப்போன துருக்கி சுல்தான் சீமையை அறுத்து வச்சிருக்காவ. இத்தாலிக்காரனும் கிரேக்கனும் ஒரே துண்டுமேல கையை வச்சிக்கிட்டு நிக்கான்."

"அப்போ அடிச்சுக்கிடுவாங்களா அண்ணாச்சி?"

"அது அல்லாவுக்குத்தான் தெரியும். எவனும் கத்தியை இன்னும் கீழ வைக்கல, எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

"உங்க தெருவுல கொடி கட்டலியா?"

"சுல்தான் தோத்ததுக்கு எங்களுக்கு என்னம்மா கொண்டாட்டம்?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அவர் மறுபடி துணியை அளக்கத் தொடங்கினார்.

அன்று சாயங்காலம் கெசியா சிலேட்டை எடுத்து இரண்டு பக்கத்துக் காரணங்களையும் எழுதிப் பார்த்தாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். ராஜாக்கள் நாளைக்கு என்ன செய்வார்கள் என்பது அவளுக்கும் தெரியாது, தலைமையாசிரியருக்கும் தெரியாது. ஆனால் டாக்டர் மேசைமேல் வைத்த அந்தக் குண்டு, எல்லாரும் சண்டை முடிந்தது என்று சொன்ன பிறகு சுடப்பட்டது. அது ஒன்றுதான் சிலேட்டில் அழிக்க முடியாமல் நின்றது.

பாக்கியசீலனுக்கு அவள் எழுதிய பதில் ஆறே வரி. கம்பவுண்டர் ஆவது அவனுடைய பத்து வருஷத்து ஆசை என்று அவளுக்குத் தெரியும். அதை மறைக்காமல் எழுதினாள். "இதில் எது என் புத்தி, எது என் ஆசை என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பிற்காலத்தில் நீங்கள் என்னைக் குறை சொல்லலாம். கையெழுத்துப் போட வேண்டாம். வந்துவிடுங்கள்."

வெள்ளிக்கிழமை தபாலாபீசுக்குப் போனாள். மறுநாள் கொண்டாட்டம், ஆபீஸ் கிடையாது. பாரசீகத்தின் வடகோடிக்குக் கடிதம் போக ஏழு வாரம் ஆகும்; அன்றைக்குத் தபால் பை போகாவிட்டால் பதில் காலத்துக்குள் போய்ச் சேராது. தெருவில் பாண்டு வாத்தியக்காரர்கள் ஊர்வலத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாலோமி பின்னாலேயே வந்துவிட்டாள்.

"போடாதட்டி. ஒண்ணும் நடக்காமப் போச்சுன்னா அவன் ஆயுசுக்கும் உன்னை மன்னிக்கமாட்டான்."

"ஒண்ணும் நடக்காமப் போனா நல்லதுதானே மதினி. என்னைத் திட்டுததுக்கு ஆளு உயிரோட இருப்பாவல்லா?"

சாலோமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் திரும்பி நின்றாள்.

ஜன்னலுக்குள்ளிருந்து குமாஸ்தா கையை நீட்டினார். "தாங்கம்மா, பைக்கு நேரமாச்சு." கெசியா தபால்தலையை நாக்கில் தொட்டு உறையின்மேல் வைத்தாள். அதிலிருந்த ராஜாவின் முகத்தின்மேல் பெருவிரலை அழுத்தினாள். வாத்தியம் தெருமுனை திரும்பிப் போனது. குமாஸ்தா இரண்டாம் தடவை கேட்டார். அவள் இன்னும் விரலை எடுக்கவில்லை.