கையெழுத்துக்கு முன் கேள்வி கேட்ட எங்கள் அக்கா

இன்னும் நம்ப முடியவில்லை. காலையில் தொலைபேசியில், "ஏலே தம்பி, ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சு சாப்பிட வந்துருல" என்று சிரித்த அக்கா, அன்று மதியமே தாராவியில் தம் பட்டறையில், தையல் மிஷின் முன்னாலேயே மாரடைப்பால் சரிந்து, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஓராண்டு ஆகியும் அந்த அதிர்ச்சி எங்களை விடவில்லை.

அக்கா பிறந்தது தெற்கே நம் நாசரேத்தில். மணமாகித் தாராவிக்கு வந்தவர், அத்தான் விபத்தில் இறந்தபின், இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கப் பள்ளிப் பைகள் தைக்கும் பட்டறை தொடங்கினார்.

முதல் பெரிய ஆர்டரைக் குர்லா வியாபாரி ஒருவர் கொடுத்தார். அவர் நீட்டிய ஆங்கில ஒப்பந்தத்தில் அக்கா நம்பிக் கையெழுத்திட்டார். அந்த ஒப்பந்தம் முடிந்து வேறொருவருக்குத் தைக்கத் தொடங்கியதும் அவரிடமிருந்து நோட்டீஸ் வந்தது: அதில் எழுதியிருந்தபடி இனி மூன்று ஆண்டுகள் யாருக்கும் பை தைக்கக் கூடாதாம். அக்கா இடிந்துபோனார். "தைக்காம பிள்ளைகளுக்கு எதப் போட?" என்று அழுதார்.

மாட்டுங்காவில் ஒரு வக்கீல் அம்மாவிடம் போனோம். "ஒப்பந்தம் நடக்கற வரைக்கும் கட்டுப்படுத்தலாம். முடிஞ்சப்புறமும் உங்க தொழிலைச் செய்யக்கூடாதுன்னு எழுதினா, நீங்க கையெழுத்து போட்டிருந்தாலும் அது செல்லாது" என்றார். அவர் பதில் அனுப்பியபின் வியாபாரி வாய் திறக்கவில்லை.

அதன்பின் புரியாத எதிலும் அக்கா கையெழுத்திடவில்லை. சரக்கு என்றைக்கு, தாமதமானால் என்ன, துணி பழுதானால் யார் பொறுப்பு, எப்படி விலகுவது என்று எல்லாம் கேட்பார். "வாய்ப்பேச்சும் ஒப்பந்தந்தான். ஆனா அத நிரூபிக்க நாய்படாத பாடு படணும்" என்று அக்கம்பக்கப் பட்டறைக்காரர்களையும் எச்சரிப்பார்.

அடக்கம் முடிந்த மறுநாள், பாதி தைத்த பைகள் கிடந்த பட்டறைக்கு, ஆர்டர் கொடுத்த வடாலாக்காரர் வந்தார். நஷ்டஈடு கேட்பாரோ என்று பயந்து நின்றோம்.

"மிச்சத் துணியைத் தந்தாப் போதும்" என்றார். "தனக்கு ஏதாவது ஆச்சுன்னா பாக்கி வேலைக்குப் பிள்ளைங்களக் கேக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல அவங்கதான் எழுத வெச்சாங்க. ஏம்மா இப்படிப் பேசுறீங்கன்னேன். எழுதுங்க சார், அப்பத்தான் கையெழுத்துன்னாங்க."

நோய்நொடி இல்லாத அக்கா, தாம் இல்லாத ஒரு நாளை யோசித்திருக்கிறார். எங்களில் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை.

அக்காவின் மூத்த மகள் பாதி தைத்த பை ஒன்றைக் கையில் எடுத்தாள். "நாங்களே தைச்சுத் தாறோம் அங்கிள். ஆனா எங்க பேர்ல புதுசா எழுதணும். படிச்சுட்டுத்தான் கையெழுத்து போடுவேன்" என்றாள்.

அக்காவை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பட்டறைப் பெண்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், வக்கீல் அம்மாவுக்கும், அந்தப் பைகளை முடிக்கக் கைகொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நாங்கள் இன்னும் திகைத்துத்தான் நிற்கிறோம். நீங்கள் பக்கத்தில் இருப்பதால் விழாமல் நிற்கிறோம்.

– தம்பி