வெளிநாட்டு விஞ்ஞானியாக நான் இருந்த காலம்

1. வெள்ளைக் கோட்டு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி என் சான்றிதழைக் கேட்கவில்லை. கண்ணாடி போட்டால் எனக்கு எடுப்பாக இருக்குமா என்றுதான் யோசித்தார்.

நான் யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்து, அங்கேயே கல்லூரியில் செய்முறை வகுப்பு எடுத்தவள். 1996-இல் நாலு வயது மகளோடு படகேறி வந்து, தேனிப் பக்கத்து அகதி முகாமில் குடியேறினேன். அதன்பிறகு பத்து வருடம் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் என் படிப்புக்குக் கிடைத்த வேலை, திராட்சை பறிப்பதும் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும்தான். கல்லூரிகளில் கேட்டுப் பார்த்தேன். படிப்பெல்லாம் சரி, குடியுரிமை இல்லையே என்று சொல்லி, மரியாதையாகக் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். காப்பி நன்றாகவே இருந்தது.

அப்போதுதான் ஒரு நாற்றுப்பண்ணைக் கம்பெனி தாவரவியல் படித்த ஆள் தேடியது. மற்றவர்கள் கேட்ட சம்பளம் முதலாளிக்குக் கட்டவில்லை. நான் கட்டுப்படியானேன்.

"சர்டிபிகேட்டு கடலோட போச்சுன்னா போகட்டும்மா. நான் அத யாருகிட்டக் காட்டப் போறேன்?" என்றார்.

மறுநாள் வெள்ளைக் கோட்டும் பவர் இல்லாத கண்ணாடியும் வந்தன. அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. என் படத்தின் கீழே கொட்டை எழுத்தில், 'வெளிநாட்டு விஞ்ஞானி உங்கள் தோட்டத்துக்கே வருகிறார்.' பொய் என்று சொல்ல முடியாது. எந்த நாட்டிலிருந்து, எப்படி வந்தேன் என்பதைப் போடத்தான் நோட்டீஸில் இடமில்லை.

2. டீசல் செடி

அது ஊரெல்லாம் காட்டாமணக்கு மோகம் பிடித்து அலைந்த நேரம். விதையை ஆட்டினால் டீசல், தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு கடிக்காது என்று சொல்லிச் சொல்லி விற்றார்கள். ஆடு கடிக்காது என்பது மட்டும் உண்மை.

எங்கள் கம்பெனியின் 'வெளிநாட்டு வீரிய ரகம்' எங்கிருந்து வருகிறது என்பது சேர்ந்த வாரமே தெரிந்துவிட்டது. பண்ணைக்குப் பின்னால் வாய்க்கால் கரை வேலியில் காய்த்துக் கிடந்ததை இரண்டு பெண்கள் பறித்துச் சாக்கில் கொண்டுவந்து கொட்டினார்கள். இது சாதாரண வேலிச் செடி, தோட்டப் பயிராக நட்டால் விவசாயி தெருவுக்கு வந்துவிடுவான் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை.

"டாக்டரம்மா, காய்க்கிறதும் காய்க்காததும் செடி பாடு. நாம நாத்து விக்கிறோம். நீங்க ரெண்டு தடவ தலையாட்டுங்க, போதும்."

பேசக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. காரணம் இருந்தது. என் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டால் கம்பத்துக்காரர்கள் உடனே மலையாளமா என்று கேட்பார்கள். குமுளி தாண்டி வந்த ஆள் என்று நினைத்துவிட்டால் விஞ்ஞானிக்கு என்ன மதிப்பு? தப்பித் தவறி நான் வாய் திறந்துவிட்டால், "நமக்காகத் தமிழ் படிச்சுக்கிட்டு இருக்காக" என்று முதலாளி முந்திக்கொள்வார். விவசாயிகள் உருகிப் போவார்கள். பிறந்ததிலிருந்து பேசிய மொழியைத் தப்பில்லாமல் பேசுகிறேன் என்று எனக்கு ஒரு பெரியவர் கைகொடுத்துப் பாராட்டியிருக்கிறார்.

தலையாட்டினேன். மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். இந்த வேலை போனால் அவளும் சுண்ணாம்பு வாளி தூக்க வேண்டியதுதான். ராத்திரி சோறு இறங்காது, காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

3. அங்கம்மாளின் பந்தல்

ஓடைப்பட்டியில் அங்கம்மாள் என்ற பெண்ணுக்கு ஒரு திராட்சைப் பந்தல் இருந்தது. குடும்பத்துக்கு அது ஒன்றுதான் பிழைப்பு. தொடர்ந்து பெய்த மழையில் கொத்தெல்லாம் அழுகி, வியாபாரி எட்டிப் பார்க்காமல் போய்விட்டான். வெறுத்துப்போன அவள் புருஷன் பந்தலை வெட்டிவிட்டு டீசல் செடி நட முடிவு செய்து எங்கள் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார். நாங்கள் போனபோது கோடாலியோடு ஆட்கள் தயாராக நின்றார்கள். விஞ்ஞானி தலையாட்ட வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

அன்று சாயங்காலம் முகாமில் செக்கிங். அதிகாரி வந்து ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார். ஆள் இல்லாவிட்டால் அந்த மாத உதவித்தொகை நின்றுவிடும். முதலாளிக்கும் இது தெரியும். அந்த நாட்களில் என்னை நேரத்துக்கு ஜீப்பில் கொண்டுவந்து முகாமுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிடுவார். கோட்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு விஞ்ஞானி அகதியாக இறங்குவாள்.

பந்தலுக்குள் நுழைந்ததும் பழக்க தோஷத்தில் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அடிச்சாம்பல் நோய். நோய்ப்பட்ட கிளைகளைக் கழித்துக் கவாத்து செய்து, நேரத்தோடு போர்டோ கலவை மருந்து அடித்தால் தேறிவிடக்கூடிய கொடி. அங்கம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்க நாட்டுல இந்தச் செடி எப்படித்தா காய்க்குது?"

முதலாளி வாய் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன்.

"எங்கட ஊரில இதை வேலிக்குத்தான் நடுறது. இந்த வீண் வேலை உங்களுக்கு வேண்டாம். பந்தலை வெட்டாதேங்கோ, கொடிக்கு மருந்து இருக்கு."

கோடாலிக்காரர்கள் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் முகம் வேர்த்துவிட்டது. இவள் முகாமில் இருக்கிறவள், பேச்சைக் கேட்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் காலி. ஆனால் அதோடு அவர் அச்சடித்த நோட்டீஸும் காலி. இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார். அதற்குள் அங்கம்மாளின் புருஷன் கோடாலிகளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

"தமிழே தெரியாதவுக, நமக்காகத் தட்டுத் தடுமாறிச் சொல்றாக. அதுக்கு மேல என்ன வேணும்?"

என்ன மருந்து, எப்போது அடிக்க வேண்டும் என்றெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு இந்தியாவுக்கு வந்த பிறகு அன்றுதான். அது சின்னமனூர் வரைக்கும் தாங்கவில்லை. நடுவழியில் ஜீப்பை நிறுத்தி, "கோட்டக் குடுத்துட்டு எறங்கு" என்றார் முதலாளி. வார்த்தைக்கு வார்த்தை அவர் போட்ட 'டாக்டரம்மா' எங்கே போனாள் என்று தெரியவில்லை. பஸ் பிடித்து முகாமுக்குப் போவதற்குள் செக்கிங் முடிந்திருந்தது. வேலையும் போச்சு, அந்த மாதப் பணமும் போச்சு. மறு வாரம் சுண்ணாம்பு வாளியைத் தூக்கினேன். மகளைத் தூக்க விடவில்லை.

4. பழம்

பந்தல் தேறியது. அடுத்த பட்டத்தில் பழம் வெட்டியதும் அங்கம்மாள் ஒரு கூடை நிறையக் கட்டிக்கொண்டு என்னைத் தேடிக் கம்பெனிக்குப் போயிருக்கிறாள். அங்கே யாரோ வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவள் முகாமுக்குள் வந்தபோது நான் குழாயடி வரிசையில் குடத்தோடு நின்று பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், சரளமான தமிழில்.

அவள் கூடையை இறக்காமல் தகரக் கூரைகளைப் பார்த்தாள். என் நைட்டியைப் பார்த்தாள்.

"இங்கனயா இருக்கீக?"

"ஓம். வந்த நாள் தொட்டு இங்கதான்."

அவள் முகம் மெல்ல மாறியது. தலையில் அவள் தோட்டத்துப் பழம் பழுத்து மணத்துக்கொண்டிருந்தது. அப்படியே நின்று கேட்டாள்:

"அப்ப, அன்னைக்கு நீங்க சொன்னது மெய்தானா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவளைக் கோபிக்கவும் முடியவில்லை.

செடி படிக்கிற பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. சொல்ல வேண்டியதைச் சட்டென்று சொல்லிவிடுங்கள். நீங்கள் யார் என்று தெரிந்த பிறகு அதை யாரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள்.