எட்னா கமா சொல்ல மறந்த பக்கம்

நியூயார்க்கில் எங்கள் அச்சகத்தில் எட்னா கொவால்ஸ்கி மூலப்பிரதியை நிறுத்தக்குறிகளோடு உரக்கப் படிப்பாள். நான் அச்சுப்படியில் பிழை பார்ப்பேன். இருபது வருடமாக எதைப் படித்தாலும் அவளுக்கு ஒரே குரல்தான். "அவன் அலறினான் கமா செத்தான் முற்றுப்புள்ளி" என்பாள்.

1955இல் ஒரு விண்வெளிக் கதை வந்தது. பேய்க்கதைகளைத் தடைசெய்த செவ்வாய்க் குடியிருப்பில், ஒருத்தி ரகசியமாக ஒரு பேய்க்கதை சொல்கிறாள். தணிக்கைக்குப் பயந்த பதிப்பாளர் அந்தப் பக்கத்தை நீக்கச் சொல்லிவிட்டார். அதற்குள் ஈயத்தில் எழுத்துக் கோத்தாகிவிட்டது. அந்தப் பக்கத்தின் ஈய வரிகளை உருவி எடுக்க ஃபோர்மேன் ஹார்கன் வந்து நின்றார்.

"பேயத் தடை பண்றாங்கன்னுதானே கதையே! அதுலயும் பேயத் தூக்கணுமா? நல்ல கூத்து!" என்றேன்.

"மேல சொல்லிட்டாங்கப்பா. எட்னா, எங்கேருந்து எதுவரைன்னு படிச்சுக் காட்டு."

"எடுத்துட்டு உருக்கிடுவீங்களா?" என்றாள் எட்னா.

"பின்ன, கோயில்லயா வைப்பாங்க?"

எட்னா படித்தாள். செத்த கணவன் வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறான். அவன் மூச்சு விடுவது மனைவிக்குக் கேட்கிறது. வெளியிலோ மூச்சுவிடக் காற்றே கிடையாது.

இரண்டாம் வரியிலேயே கமாக்கள் நின்றுபோயின. நான் அவளைத் தடுக்கவில்லை. அச்சுக்கோக்கும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவ்வளவு பெரிய கூடத்தில் அவள் குரல் மட்டுமே கேட்டது. முடித்தபோது எல்லோரும் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதுவரைதான்," என்றாள்.

ஹார்கன் வரிகளை உருவினார். ஈயச் சட்டி பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அதில் போடவில்லை. மேசைமேல் வைத்து மை தடவினார்.

"ஆளுக்கொரு அச்சுப்படி எடுத்துக்கோங்க. மொதல்ல எட்னாவுக்கு."