கழியில் உட்கார்ந்து எடுத்த படம்

எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடிதம் எழுதுவதைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுகிற ஒருத்தி, முகம் தெரியாத இத்தனை பேர் படிக்கும்படி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் அந்த ஒரு காலையை யாரிடமாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று பல நாளாக மனசில் இருக்கிறது. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வெட்கம் வந்து நிறுத்திவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்து நாலைந்து வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் திருவொற்றியூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். என் கணவர் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் குமாஸ்தா. வாரம் ஆறு நாள் மூட்டை எண்ணுவார். தை, மாசி மாதங்களில் ஏழாவது நாளும் வீட்டில் இருக்க மாட்டார். விடிகாலை முதல் ரயிலில் எண்ணூருக்குப் போய்விடுவார். அங்கே கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் கழியில் பூநாரைகள் வந்து இறங்கும். அவற்றைப் படம் எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதற்காகவே எங்கிருந்தோ ஒரு பழைய பெட்டிக் கேமரா வாங்கி வைத்திருந்தார்.

மூன்று வருடம் எடுத்தார். படத்தில் தண்ணீர் விழும், வானம் விழும், நடுவில் வெள்ளையாகச் சில புள்ளிகள் விழும். ஆபீஸுக்கு எடுத்துப்போய்க் காட்டியபோது ஒருவர் அந்தப் புள்ளிகளைத் தூசி என்று நினைத்து விரலால் துடைத்தாராம். இன்னொருவர், "உப்பு நல்லா விளைஞ்சிருக்கு சார்" என்றாராம். இதையெல்லாம் அவரேதான் வீட்டில் சிரித்துக்கொண்டு சொன்னார். ஆனால் மூன்றாம் வருடம் படங்களை டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டார். அவர் மனசு நொந்திருப்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நாலாம் வருடம் தை மாதத்தில் கப்பலேணியில் வழுக்கி விழுந்து அவருக்குக் கால் முறிந்துவிட்டது. தொடை வரை மாவுக்கட்டு. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். இந்தத் தடவை பூநாரைகள் ரொம்பக் கிட்டத்தில் இறங்கியிருக்கின்றன, ஆனால் ஒரு வாரம்கூடத் தங்காது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கேமராவில் ஃபிலிம் போட்டது போட்டபடி இருந்தது. எட்டுப் படம் எடுக்கலாம்.

"நீ போயேன்" என்றார் என்னிடம்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். ராயபுரம் மார்க்கெட்டைத் தாண்டித் தனியாக எங்கேயும் போனவள் இல்லை நான். மறுபடியும் கேட்டார். மூன்று நாள் கேட்டார். நாலாம் நாள் கேட்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். கேட்காமல் இருந்ததுதான் தாங்கவில்லை. "எதை அமுக்கணும்?" என்றேன்.

அன்று முழுதும் எனக்குப் பாடம். ஜன்னல் திட்டில் டம்ளர்களை வரிசையாக வைத்து அதுதான் பூநாரை என்றார். கேமராவை மார்போடு சேர்த்துப் பிடித்து, மேலே இருக்கிற சின்னக் கண்ணாடிக்குள் குனிந்து பார்க்க வேண்டும். சூரியன் என் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். அதுவும் ஒரு பனை உயரம் ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் இருட்டிவிடும். ஒரு படம் எடுத்ததும் திருகைத் திருப்ப வேண்டும். பின்னால் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் வந்து நிற்க வேண்டும். கடைசியாகத் தன் குடையையும் கொடுத்தார். உப்புக் காற்று கேமராவில் படக் கூடாதாம். வெயில் விழுந்தால் அந்தச் சின்னக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாதாம்.

"ஒண்ணே ஒண்ணு சரியா வந்தாப் போதும். மூக்கு வளைஞ்சிருக்கறது தெரியணும். தெரிஞ்சா எவனும் உப்புன்னு சொல்ல மாட்டான்" என்றார்.

பக்கத்து வீட்டு அம்மாளை அவருக்குத் துணையாக வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். ரயிலில் என் எதிரே உப்பளத்துக்குப் போகும் பெண்கள். நான் கேமராவைத் துண்டால் மூடி மடியில் வைத்திருந்தேன். ஒருத்தி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். "இன்னாம்மா, இட்லியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். எண்ணூர் வருவதற்குள் ஒன்று கொடுக்கச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

ஸ்டேஷனை விட்டு அவர் சொன்ன வழியில் நடந்தேன். கழிக்கரை மேட்டில் ஏறியபோது கிழக்கே கடல் பக்கம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. சேற்று வாசனை. காலடியில் நண்டுகள் வளைக்குள் ஓடின. பவளக்கால் உள்ளான் பறவைகள் சிவந்த கால்களோடு ஓடி ஓடி நின்றன. ஒரு கூழைக்கடா, மூக்குக்கு அடியில் பை தொங்க, தண்ணீரில் மூட்டை மிதப்பதுபோல் மிதந்து போனது. இந்தப் பெயர்களெல்லாம் அவர் சொல்லிக் காதில் விழுந்தவை. பெயர் தெரிந்த ஒன்றை முதல்முதலாக நேரில் பார்ப்பது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

தூரத்தில் தண்ணீர் நடுவே வெள்ளையாக நீளக் கோடு. நுரை என்று நினைத்தேன். நுரை தலை தூக்கியது.

அவ்வளவு பூநாரைகள். எனக்கு எண்ணத் தோன்றவில்லை. அவர் சொன்னபடி சூரியன் முதுகுப் பக்கம் வரும்படி கடல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய், கேமராவை எடுத்துக் குடையை விரித்தேன். விரித்ததுதான் தாமதம். யாரோ ஒரு முனையைப் பிடித்து இழுத்ததுபோல் அந்தக் கோடு அப்படியே நகர்ந்து தள்ளிப் போனது. நான் பத்தடி போனால் அது நூறடி போனது. கண்ணாடிக்குள் பார்த்தேன். புள்ளிகள். அவர் மூன்று வருடம் எடுத்துவந்த அதே புள்ளிகள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"யம்மா, அந்தக் கொடையை மடக்கு."

குரல் தண்ணீரிலிருந்து வந்தது. அப்போதுதான் பார்த்தேன், கரைக்குக் கொஞ்ச தூரத்தில் நாலு தலைகள். நீர்க்காகம் என்று நினைத்திருந்தேன். பெண்கள். மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி பல்லிலும் பனையோலையில் முடைந்த ஒரு பை. பறி என்பார்கள். கையில் இறால் அகப்பட்டால் அதற்குள் போட்டுவிட்டு மறுபடி தடவுவார்கள். என்னைக் கூப்பிட்டவள் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். பக்கத்தில் இருக்கிற முகத்துவாரக்குப்பத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். குடையைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள்.

"நீ கொடைக்காரரு வூட்டம்மாவா?"

தலையாட்டினேன். அவர் ஏன் வரவில்லை என்று கேட்டாள். கால் முறிந்ததைச் சொன்னேன். ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்:

"மூணு வருசமா வராரு. கொடையை விரிக்கிறாரு. நாரை பறக்குது. அப்பால எத்தையோ அமுக்கிட்டு வூட்டுக்குப் போறாரு. வேண்டிக்கினாரு போலன்னு நாங்க நெனச்சோம்."

ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஆம்பளை மேட்டுல நிக்கறாரு. நாங்க ஈரத் துணியோட தண்ணியில கீறோம். மூஞ்சியத் திருப்பிக்குவோமா, பேசிகினு இருப்போமா?"

நியாயம்தான். அவரும் பெண்கள் இருக்கிறார்கள் என்று அந்தப் பக்கமே பார்த்திருக்க மாட்டார். இரண்டு பக்கமும் மரியாதையாக இருந்து மூன்று வருடம் போயிருக்கிறது.

கிட்டப் போக வேண்டும், ஒரு படமாவது சரியாக எடுக்க வேண்டும் என்றேன். "அப்ப எறங்கு" என்றாள். நான் தயங்கினேன். புடவையைப் பார்த்தேன். நீச்சல் தெரியாது என்றேன். தண்ணீரில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள்.

"நீந்தறதுக்கு இன்னா கீது இங்க? நின்னா முட்டிதான். ஆனா நிக்காதே. நின்னா நாரைக்கு நீ மனுசி. குந்திகினா நாங்கள்லாம் நண்டு மாரி. தெனிக்கும் பாக்குது, பயப்படாது."

கேமராவை எங்கே வைப்பது? அவளே தன் ஈரக் கந்தையைப் பிழிந்து சுற்றிச் சும்மாடு ஆக்கி என் தலையில் வைத்து அதன்மேல் கேமராவை வைத்தாள். குடம் தூக்கிய பழக்கம் உண்டு, அதனால் ஆடாமல் நின்றது. குடையைக் கரையிலேயே போட்டுவிட்டு இறங்கினேன். உட்காரும்போது தண்ணீர் சில்லென்று இடுப்பைத் தொட, மூச்சு நின்று வந்தது. சேறு வெண்ணெய்போல் இருந்தது. நாலு பேருக்கு நடுவில் நானும் உட்கார்ந்து நகர்ந்தேன். சும்மா வராதே, கையைத் தடவு, இல்லாவிட்டால் நாரைக்குச் சந்தேகம் வந்துவிடும் என்றாள் ஒருத்தி. தடவினேன். உள்ளங்கையில் ஏதோ துள்ளியது. அமுக்கிப் பிடித்தேன். இறால். மார்க்கெட்டில் செத்ததைத் தவிர வேறு பார்த்திராதவள், உயிரோடு ஒன்றைப் பிடித்துவிட்டேன். அவளுடைய பறியில் போட்டேன். தலையில் கேமரா இல்லாவிட்டால் குதித்திருப்பேன்.

பூநாரைகள் அசையவில்லை. இன்னும் நகர்ந்தோம். கால்களின் இளஞ்சிவப்பு தெரிந்தது. தலையைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் வைத்துக் கலக்குவது தெரிந்தது. தங்களுக்குள் முணுமுணுத்துக்கொள்வதுகூடக் கேட்டது. எங்கள் தெருவின் அகலத்தைப்போல் இரண்டு பங்கு தூரம் இருக்கும். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

சூரியன் கடலை விட்டு வந்துவிட்டது, ஆனால் ஒரு பனை உயரம் ஆகவில்லை. காத்திருந்தோம். என்னால் உங்கள் வேலை கெடுகிறதே என்று மெதுவாகக் கேட்டேன். "நாரை மேயற எடத்துலதான் எறா கீது. உனுக்காகவா வந்தோம்?" என்றாள். கை நிற்காமல் தடவிக்கொண்டே இருந்தது.

வெயில் நன்றாக விழுந்ததும் கேமராவை இறக்கி, தண்ணீர் படாமல் கழுத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரிந்தது. பறவை வலப்பக்கம் போனால் உள்ளே இடப்பக்கம் போகிறது. டம்ளர்கள் நடக்காததால் எனக்கு இது தெரியவில்லை. துரத்தித் துரத்தி ஒருவழியாக அமுக்கினேன். ஒன்று. திருகு ஈர விரலில் வழுக்கியது. துடைக்க எங்கேயும் காய்ந்த துணி இல்லை. அவள் தன் தலையை என் பக்கம் சாய்த்தாள்.

"என் மயிர்ல தொடச்சிக்கோ. அதுதான் காஞ்சிருக்குது."

துடைத்துக்கொண்டேன். திருகினேன். சிவப்புக் கண்ணாடியில் இரண்டு வந்தது. அப்படியே ஒவ்வொரு படத்துக்கும் அவள் தலையில் துடைத்தேன். அவள் அதற்கென்றே தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பறியைக் கடித்தபடி மூக்கால் சிரித்தார்கள்.

ஏழு எடுத்த பிறகு, ரயில் பாலத்தில் ஒரு கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டு ஏறியது. எல்லாக் கழுத்துகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. தண்ணீர்மேல் நாலடி ஓடி, றெக்கையை விரித்து எழுந்தன. மடக்கியிருந்தபோது வெள்ளையாக இருந்தது உள்ளே அப்படி ஒரு சிவப்பு. ஓரத்தில் கறுப்பு. எங்கள் தலைக்கு மேலாகவே போயின. எட்டாவதை எப்போது அமுக்கினேன் என்று எனக்கு நினைவில்லை. கண்ணாடிக்குள் பார்க்கவில்லை, வாயைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேரும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினமும் பார்க்கிறவர்கள்.

தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் கரைக்கு வந்தோம். அவள் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அவர் தனியாக இருப்பார் என்று சொல்லிக் கிளம்பினேன். வரும்போது ரயிலில் எல்லோரும் என் சேற்றுப் புடவையைப் பார்த்தார்கள். வழக்கமாக இருந்தால் செத்திருப்பேன். அன்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கே நின்று எடுத்தாய் என்று கேட்டார்.

"நிக்கலை. தண்ணியில உட்கார்ந்தேன்" என்றேன். இறால் தடவும் பெண்கள் சொன்னதையெல்லாம் சொன்னேன். குடையைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றுதான் வழி முழுதும் நினைத்து வந்தேன், ஆனால் அது இல்லாமல் மற்றதைச் சொல்ல முடியவில்லை.

"வேண்டிக்கிட்டேன்னு நெனச்சாங்களா?" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் கட்டில் ஆடி, கால் வலித்து, வலியோடு சிரித்தார். நானும் ஈரப் புடவையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தேன். படம் விழுந்திருக்கிறதா என்று இருவருக்கும் தெரியாது.

மறுநாள் ராயபுரத்தில் படம் கழுவும் கடையில் ஃபிலிமைக் கொடுத்து, காத்திருந்து வாங்கி வந்தேன். எட்டில் ஐந்து ஆடிப்போயிருந்தன. ஒன்றில் வெறும் தண்ணீர். ஒன்றில் பாதிப் படத்துக்கு அவளுடைய தலை. மிச்சமிருந்த ஒன்றில் ஏழு பூநாரைகள் இருந்தன, இரண்டுக்கு மூக்கு வளைந்திருப்பது தெரிந்தது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். வந்தவர் கையில் படத்தைக் கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தப் பறவையெல்லாம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டார்.